மீன் தண்ணீர் சொட்டிய இடம்

பத்தாங் பெர்ஜுந்தாய்,
தவக்காலம் நான்காம் வாரம், செவ்வாய்.

தம்பி லியோனார்டுக்கு அக்கா ரோசரி எழுதுவது. நீயும் எவலினும் பிள்ளை ரையனும் நலமாக இருக்க மாதா துணை நிற்கட்டும்.

வேன் ஓடுகிறது. நேற்று வீட்டு வாசலிலேயே அடியில் புகைக்குழாயில் இருக்கிற டப்பாவை, அந்தக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டிவிட்டேன். ஆகவே சுங்கை சோவில் மீன் விற்கிற ஷர்வினிடம் நீ பேசி வைத்த விற்பனை நடக்காது. என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். தபாலைத் தடுக்க வழியில்லை, அதனால்தான் கடிதம்.

உன்னிடம் வாங்கிய வேனுக்கு உண்டான பணத்தை ஆறு வருஷத்துக்கு முன்பே கடைசிக் காசுவரை கொடுத்தேன். அக்கா தம்பிக்குள் எதற்குப் பேர் மாற்றுவது என்று இருவருமே விட்டுவிட்டோம். வண்டியின் உரிமைக் காகிதம், கிராண்ட், இன்றைக்கும் உன் பேரில் கிடக்கிறது. ஒரு கிலோ கெம்போங் மீனைக்கூடத் தராசில் வைக்காமல் யாருக்கும் கொடுக்காதவள் நான். தம்பி என்றதும் காகிதம் கேட்க மறந்தேன். அந்தக் காகிதத்தை வைத்து என் வண்டியை நீ விற்கப் பார்க்கிறாய். கோபத்தில் செய்கிறாய், தெரியும். இருந்தாலும் அது என் வண்டி.

நடந்ததைச் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை தோட்டத்துச் செம்மண் மேட்டில் வேன் நின்றுவிட்டது. ஒரு வாரமாகவே அடியில் டப்பாவுக்குள் கல் உருளுகிற மாதிரி சத்தம், எவ்வளவு மிதித்தாலும் இழுவை இல்லை. பின்னால் நாற்பது கிலோ மீன். தவக்கால வெள்ளி, வீட்டுக்கு வீடு மீன்தான் குழம்பு. இந்த ஐந்தாறு வெள்ளிக்கிழமைகளில் சம்பாதிப்பதை வைத்துத்தான் புரட்டாசி மாதத்தை நான் ஓட்டுகிறேன் என்று உனக்குத் தெரியும். பெண்கள் சட்டியோடு தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் காத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஷர்வின் தன் பிக்கப்பில் வந்தான். ஃபிரீசர் வைத்த பிக்கப், பாட்டு வேறு. அக்கா, மியூசியத்துக்குக் கொடுக்க வேண்டியதை ஏன் மேட்டில் ஏத்துறீங்க என்று கேட்டான். லயத்துப் பெண்கள் சிரித்தார்கள். அடுத்த வெள்ளி நீயே வாய்யா என்று ஒருத்தி அவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பதினெட்டு வருஷமாக என்னிடம் வாங்கியவள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். வண்டி வராவிட்டால் குழம்புக்கு அவள் எங்கே போவாள்?

டவுன் வொர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். கன்வெர்ட்டர் உள்ளே உடைந்து அடைத்துக்கொண்டது, அதை எடுத்துவிட்டு வெறும் குழாய் வைத்துத் தருகிறேன், பழசை மட்டும் இங்கே விட்டுட்டுப் போங்க, கூலி வேண்டாம் லா என்றார் முதலாளி. சும்மா தருகிறவனை நான் நம்பியதில்லை. நானும் யாருக்கும் சும்மா கொடுத்ததில்லை. நம் பக்கத்து வீட்டு நித்தியா ராவாங்கில் உதிரிப்பாகக் கடையில் வேலை செய்கிறாள். அவளைக் கேட்டேன். பழைய கன்வெர்ட்டருக்குள் விலை உயர்ந்த உலோகம் இருக்கிறது, அதற்கென்றே வாங்க ஆள் வருவார்கள் என்றாள். அப்புறம் என்ன, வேனைக் கயிறு கட்டி வீட்டுக்கே இழுத்து வந்தேன். பொருந்துகிற புதுசை நித்தியா தன் கடையிலேயே வாங்கி வந்தாள். ஜாக்கி, தாங்கிக்கால், துரு இளக்கும் ஸ்பிரே எல்லாம் அவள் கொண்டுவந்ததுதான்.

அட்டையை விரித்து நான்தான் அடியில் படுத்தேன். ஐம்பத்தேழு வயதில் வேனுக்கடியிலா என்று கேட்காதே. நித்தியா வெளியே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதலில் சென்சார் ஒயரைக் கழற்று. வண்டியை நன்றாகத் தாங்கிக்காலில் நிறுத்தாமல் தலையை நீட்டாதே. மூன்று போல்ட்டில் இரண்டு அசைந்தது. மூன்றாவது ஒடிந்தே போயிற்று, வெட்டித்தான் எடுத்தோம். பாதி வேலையில் ஷர்வின் வந்து நின்றான். அவன் செருப்பு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. என்னக்கா, உள்ளே தூங்குறீங்களா, லியோனார்ட் அண்ணன் நாலாயிரத்து ஐந்நூறு ரிங்கிட்டுக்குச் சம்மதிச்சிட்டாரு, கிராண்ட் சனிக்கிழமை வருது என்றான். நீ விற்கப் பேசியதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன், அண்ணாந்து படுத்தபடி, கண்ணில் துரு விழ. பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக் கொடுடா என்றேன். குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

இனிச் சொல்வதை நிதானமாகப் படி. பழைய டப்பாவை வெளியே எடுத்துப் பார்த்தேன். அதன் மேல் தகடு உளுத்துப் போயிருந்தது. மேற்புறத்தில் ஒரே ஓர் இடம் மட்டும் உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. அது இருந்த இடத்தை அண்ணாந்து பார்த்தால் நேர் மேலே வேன் தரையில் ஓர் ஓட்டை. ஐஸ் உருகிய மீன் தண்ணீர் வடியட்டும் என்று வாங்கிய முதல் மாதமே நான் போட்ட ஓட்டை. வேறு இடத்தில் போடச் சொல்லி நீ கத்தினாய். பத்துக் காசுக்குப் பெறாத யோசனை என்றேன். கொதிக்கிற டப்பாவின் மேல் ஐஸ் தண்ணீர் வருஷக்கணக்காகச் சொட்டினால் உள்ளே இருக்கிற பீங்கான் உடையாமல் என்ன செய்யும் என்றாள் நித்தியா.

ரையன் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், எவலினும் அவள் வீட்டார் எல்லாரும் பார்க்க, உடன்பிறந்தவளுக்கே உளுத்த வண்டியைத் தள்ளிவிட்டான் என்று நான் சொன்னேன், அந்தக் கோபம்தான் உனக்கு. நீ கொடுத்தது நல்ல வண்டி. கெடுத்தது நான்.

இதற்காக வேனை விட்டுக்கொடுப்பேன் என்று நினைக்காதே. ஓட்டையை அடைத்துவிட்டேன். தண்ணீர் பின்பக்கமாகப் போகக் குழாய் வைத்தாயிற்று. சாயங்காலம் அதே செம்மண் மேட்டில் மூன்றாவது கியரில் ஏறினேன். ஷர்வின் தன் பிக்கப்பில் பின்னாலேயே வந்து பார்த்தான். சுங்கை சோ பக்கம் அவனுக்கு, பெர்ஜுந்தாய்த் தோட்டங்கள் எனக்கு என்று அந்த மேட்டிலேயே பேசி முடித்தோம். அவனுக்கும் அது லாபம்தான், கைகொடுத்துவிட்டுப் போனான். உன்னிடம் கொடுத்த முன்பணத்தை மட்டும் திருப்பிக் கேட்டான். கொடுத்துவிடு.

எவலினுக்கும் பிள்ளைக்கும் என் ஆசீர். தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு மோட்டார்சைக்கிளில் போகிறாய், மழை நாளில் லோரிக்குப் பக்கத்தில் ஓட்டாதே.

நமக்குள் கணக்கு இதுதான். ஈஸ்டருக்குக் கிராண்டோடு குடும்பமாக வா. அடுத்த நாள் பேர் மாற்றப் போவோம், கட்டணம் என்னுடையது. விருந்தில் சொன்ன வார்த்தையை எவலின் முன்னாலேயே, சாப்பாட்டு மேசையிலேயே, நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பெரிய வவ்வால் மீன் ஒன்று உனக்காக ஐஸில் இருக்கும். அதற்கு விலை கிடையாது.

உன் அக்கா,
ரோசரி