தொக்கத்துக்குத் தப்பிய வயிறு

அதியமான்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கரில் ஊர் ஊராகக் கிணறு தோண்டிக்கொண்டிருக்கும் என் வீட்டுக்கார மாமாவுக்குக் குள்ளம்மாளின் வணக்கம். நலம் என்று எழுதினால் பொய், நலமில்லை என்று எழுதினால் நீங்கள் சாப்பிடமாட்டீர்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் கத்தினால் அங்கே வண்டிச் சத்தம். தெருவே கேட்டு முடித்துவிட்டது, உங்களுக்கு மட்டும் விஷயம் போய்ச் சேரவில்லை. அதனால்தான் லீவு முடிந்து வண்டிக்குத் திரும்பும் மாரியப்பனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நீங்களும் அஞ்சாவதோடு நின்றவர்தான்.

இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்று சொன்னேனே, ஸ்கேன் எடுத்தாயிற்று. மண்ணீரலில் கட்டி. பயந்துவிடாதீர்கள். ரத்தக் குழாய்கள் தாறுமாறாகப் பின்னி முடிச்சாகிக் கிடக்கிறதாம். பார்த்தவரை புற்றுநோய் மாதிரி இல்லையாம். "சின்னப் புள்ளைங்களுக்கும் வரும், பெரியவங்களுக்கும் வரும், ஆனா ரொம்ப அபூர்வம்மா" என்றார் டாக்டரம்மா. பொண்ணு சுமார்தான் என்று பெண் பார்க்க வந்தபோது சொன்னாரே உங்கள் பெரியப்பா, அவருக்கு இதைச் சொல்லி அனுப்புங்கள்.

சின்னதாக இருந்தால் அவ்வப்போது ஸ்கேன் பார்த்துக்கொண்டே விட்டுவிடலாமாம். எனக்கு மாங்காய் அளவு. அடிபட்டாலோ அழுத்தினாலோ உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டிவிடுமாம். அதனால் மண்ணீரலையே எடுக்கப்போகிறார்கள். அது இல்லாமலும் இருக்கலாம், காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே ஓடி வரணும் என்கிறார்கள். தடுப்பூசியெல்லாம் போட்டாயிற்று. அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன்.

எடுத்துப் பரிசோதித்தால்தான் முழுசாகத் தெரியும் என்றும் டாக்டரம்மா சொன்னார். அதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

குடம் தூக்கக் கூடாது, டூவீலரில் குலுங்கக் கூடாது. சும்மா உட்கார்ந்தால் எனக்குக் கை காலெல்லாம் பரபரக்கிறது. பெருக்கின வாசலையே திரும்பப் பெருக்குகிறேன். கோழிகள் என்னைக் கண்டாலே ஒதுங்குகின்றன.

உங்கள் அம்மா கதையைக் கேளுங்கள். "சோறு சிக்கிக்கிச்சுடி, தொக்கம் எடுத்தா எறங்கிரும், எம் பையனே சரின்னுட்டான்" என்று, வெள்ளிக்கிழமை வயிறு உருவுகிற அம்மாவை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். அந்தம்மா கையில் விளக்கெண்ணெயைத் தேய்க்க ஆரம்பித்ததும் நான் பின்கதவு வழியாக ஓடி டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லாததால் ஓடிப்போன செலவும் உங்களுக்கு மிச்சம். சிரித்துக்கொண்டேதான் போனேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகுதான் விலாவைக் கையால் பொத்திக்கொண்டேன்.

அத்தை மேல் கோபமில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவருக்கும் பயம், வெற்றிலைகூடப் போடுவதில்லை. ஆனால் அந்தம்மாவை மறுபடி கூட்டி வருவார். ஒவ்வொரு தடவையும் பஸ் எனக்காக நிற்காது. வண்டிச் சத்தத்தில் உங்களுக்கு என்ன கேட்டதோ, அவர் போனில் கேட்டதற்கு நீங்கள் சரி என்றதால்தான் அந்தத் துணிச்சல். நீங்களே போன் போட்டு, அவ வயித்துல யாரும் கை வைக்கக் கூடாதும்மா என்று சொல்லுங்கள். வண்டியை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போட எங்கள் அண்ணன் வருகிறார். மருந்து வாங்கவும் ஆள் இருக்கிறது. ஆனால் என்னைப் படுக்க வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது நான் ஏதாவது உளறிக்கொண்டேதான் போவேன். வாயை மூடிக்கிட்டுப் போடி என்று அதட்ட வெளியே ஒருத்தர் நிற்க வேண்டும். அதற்கு எனக்கு வேறு ஆள் இல்லை. வந்துவிடுங்கள் மாமா.

உங்கள்
குள்ளம்மாள்