சாவு வீட்டில் சொன்ன வார்த்தை

செங்கல்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் கார்த்திக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். நீயும் மருமகளும் குழந்தையும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேதகிரீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டாய் என்று நீலமாகக் காட்டுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன், உன் தங்கச்சி பிரபா போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். அவள் படித்துவிட்டுத்தான் அனுப்புவாள், படிக்கட்டும். அப்பாவுக்குச் சுகர் ஏறிக்கிடக்கிறது, மாத்திரையை மறக்கிறார், கேட்டால் எரிந்து விழுகிறார். உன்னைச் செய்தியில் காட்டிய அன்றைக்கே டிவி வயரைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிட்டார்.

உன்னிடம் வேலை பார்த்த ரஞ்சித்குமாரின் உடம்பு போன வாரம் ஊரப்பாக்கம் வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறக்கக் கூடாது என்று கூட வந்தவர்கள் சொல்லிவிட்டார்களாம், அவனைப் பெற்ற வேண்டா அந்தப் பலகைமேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தாளாம், பிரபா போய்ப் பார்த்துவிட்டு வந்து அழுதாள். எனக்கு அன்றைக்குப் போகத் தைரியமில்லை. ஸ்டேஷன் பக்கம் எல்லாச் சுவரிலும் அவனுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன், அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நீ ராக்கெட் கம்பெனிக்குத் தலைவரானபோது அதே இடத்தில் உனக்கு பேனர் கட்டினார்களே, உன் படம் ஆள் உயரத்துக்கு, கீழே வாழ்த்துகிறவர்கள் முகமெல்லாம் ஸ்டாம்பு அளவில், அதில் ஓரத்தில் சிரித்துக்கொண்டிருந்த படம்தான் அது. லீவில் வந்தவன், ஜெர்மனியில் எனக்கு வேலை போட்டுக் கொடுத்த அண்ணன் என்று சொல்லிக்கொண்டு வெயிலில் நின்று அவனேதான் அந்த பேனரைக் கட்டினான்.

உன் கம்பெனியில் டேங்க் வெடித்து அவன் போன அன்றைக்கு நீ போன் பண்ணி அழுதாயே, அது பிரபாவுக்கு மட்டும்தான் தெரியும், இதுவரை உன் அப்பாவிடம்கூட நான் சொல்லவில்லை. வால்வு கசியுதுன்னு ரஞ்சித் காலையிலயே சொன்னாம்மா, பணம் போடறவங்க வந்து குந்திகினு கீறாங்க, இன்னிக்கு டெஸ்டை நிறுத்த முடியாது, நீ உள்ள போய் டைட் பண்ணிட்டு வாடான்னு நான்தாம்மா அனுப்பினேன் என்றாய். எத்தனை வருஷம் வெளிநாட்டில் இருந்தாலும் அழும்போது நம் ஊர்ப் பேச்சுதான் வருகிறது உனக்கு. அதற்கு மறுநாள் கோட்டு போட்டுக்கொண்டு டிவியில் வந்து, ஊழியர் ஒருவர் விதியை மீறித் தடுத்த இடத்துக்குள் போய்விட்டார், வருந்துகிறோம் என்று எழுதி வைத்துப் படிக்கிறாய். ஏண்டா, அவன் பெயரைச் சொல்லக்கூடவா வாய் வரவில்லை? நீ வெறும் இன்ஜினியராக இருந்தபோது பிரபா கல்யாணத்துக்கே வரவில்லை, ஒரு போல்ட்டில் விரிசல் மாதிரி தெரிகிறது, மறுபடி பார்க்காமல் கையெழுத்து போட மாட்டேன் என்று அங்கேயே இருந்துவிட்டாய். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், உன் அப்பாவோ என் புள்ள கையெழுத்து போட்டா அது ஆகாசத்துல நிக்கணும் இல்ல என்று பந்தி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நீ மேனேஜர் ஆனபோதும் அதற்கு மேலே போனபோதும் தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தேன். அந்தக் கேசரிச் சட்டியை இப்போது நான் தொடுவதில்லை.

மாமல்லபுரம் கடலில் ரஞ்சித்தின் அஸ்தியைக் கரைக்கும்போது அப்பா மட்டும் போய்த் தூரத்தில் நின்றுவிட்டு வந்தார், பக்கத்தில் டூரிஸ்டுகள் அலையில் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்களாம். முந்தாநாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு இரண்டு பேரும் துக்கம் விசாரிக்கப் போனோம். பெற்றவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்துகொண்டேதான் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரெல்லாம் அவன் திமிர் புடிச்சி உள்ள போய் செத்தான்னு பேசிகினு கீதுக்கா, என் புள்ள சொல்பேச்சு கேக்காதவன் இல்ல, உன் புள்ளைக்குத் தெரியும், அவரு வாயால ஒரு வார்த்த சொன்னா போதும், எங்களுக்கு வேற இன்னா வோணும் என்றாள். எனக்குத் தெரிந்ததை வாயில் வைத்துக்கொண்டு கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன் கார்த்தி. உன்னைப் பெற்ற வயிற்றை அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சபித்தேன்.

அதோடு விட்டதா? எழுந்திருக்கும்போது புத்தி கெட்டுப்போய், வரேம்மா என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். சாவு வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லலாமா? சொல்லாமல் கொள்ளாமல்தானே எழுந்து வர வேண்டும்? அழுதுகொண்டிருந்த பொம்பளைகள் எல்லாம் என்னையே பார்த்தார்கள், ஒரு கிழவி என் முகத்துக்கு நேராகவே தலையில் அடித்துக்கொண்டாள். வேண்டா மட்டும் நிமிர்ந்து பார்த்து, வாக்கா, அடுத்த தபா வரும்போது உன் புள்ளையையும் இட்டுகினு வா, இன்னா நடந்துச்சுன்னு அவரே வந்து சொல்லட்டும் என்றாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை பதினாறாம் நாள் காரியம். சாவு வீட்டில் வருகிறேன் என்று சொல்லிவிட்ட எனக்கு இனித் திரும்பிப் போகாமல் இருக்க முடியாது. நீ வந்தால் உன்னோடு போவேன். நீ வராவிட்டால் நான் தனியாகப் போய், நீ போனில் சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் அந்தச் சபையில் சொல்லிவிடுவேன். உன் வேலை போகும், கேஸ் வரும், உள்ளே வைத்தாலும் வைப்பார்கள், எல்லாவற்றையும் பிரபா விளக்கிச் சொல்லிவிட்டாள், தெரிந்துதான் எழுதுகிறேன். மருமகளிடம் மறைக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, தூக்க மாத்திரை போடாதே. நூறு வயசு நீ நல்லா இருக்கணும், தலை நிமிர்ந்து இருக்கணும், அதற்குத்தான் இவ்வளவும்.

விமானத்தை விட்டு இறங்கியதும் நேராக நம் வீட்டுக்கு வந்துவிடாதே. முதலில் ஊரப்பாக்கம் போ, நான் அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டிருப்பேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அங்கே யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் என் பின்னாலேயே வா. நம் வீட்டு வாசலில் அண்டாவில் வெந்நீர் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். தலை முழுகிவிட்டு உள்ளே வா, சோறு போடுகிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
ராஜம்