கலிமா விரல்

3 ஆகஸ்ட் 1936
சொங்கோக் தொப்பிக்கு வெல்வெட் வெட்டும்போது கத்தி வழுக்கி, வலது ஆள்காட்டி விரலின் அடியில் இறங்கிவிட்டது. விரலை மடக்கும் நரம்பு அறுந்திருந்தது. ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். நானும் தைப்பவன்தான், ஆனாலும் பார்க்கவில்லை. இடது கையால் எழுதுகிறேன் – கோழி கிளறியது மாதிரி.

"தொழுகையில நீட்டுற கலிமா விரலாச்சே, என்னங்க இது" என்றாள் என் மனைவி பஷீரா.

9 ஆகஸ்ட்
கட்டு மாற்றிய டிரஸர் மறுபடி சொன்னார்: "எதையும் பிடிக்காதீங்க. தையல் அறுந்தா மறுபடி தைக்க முடியாது."

இந்த விரல் இல்லாமல் ஊசி பிடிக்க முடியாது. பெருநாள் வேலை வேறு வருகிறது. பயம் வர வேண்டும். வரவில்லை. விரல் நுனியைத் தொட்டால் வேறு யாருடையதோ போல இருக்கிறது.

12 ஆகஸ்ட்
மழை. பஷீரா ஊட்டினாள்.

16 ஆகஸ்ட்
பஷீராவின் தம்பி சமதுக்கு நிக்காஹ். காஜா பேராங் தெருவில் வீட்டு முன்னால் பந்தல். பெரிய சஹன் தட்டு ஒன்றுக்கு நாலு பேர். என்னோடு பெண் வீட்டார் மூவர்.

மாப்பிள்ளைக் கோலத்திலேயே சமது குனிந்து, "மச்சான், தனித் தட்டு வைக்கட்டா? கரண்டி தாரேன்" என்றான்.

"எனக்கென்ன நோக்காடா? போடா."

பொதுத் தட்டில் இடது கையை வைக்க முடியுமா? முதுகுக்குப் பின்னால் கட்டை அவிழ்த்தேன். கறியைப் பிய்க்கும்போது உள்ளே ஏதோ டக்கென்று விட்டது. வலிக்கவில்லை. கடைசி வரை தின்றேன்.

17 ஆகஸ்ட்
மடக்கப் பார்த்தேன். மடங்கவில்லை.
ஒரு கரண்டி. கேட்டா என்ன குறைஞ்சு போயிருப்பேன்? மடையன். மடையன்.

20 ஆகஸ்ட்
டாக்டர் பார்த்துவிட்டு, இனி தைக்க முடியாது என்று தலையை ஆட்டினார்.

11 அக்டோபர்
காயம் ஆறிவிட்டது. விரல் குச்சி மாதிரி நிற்கிறது. ஊசியை நடுவிரலால் பிடித்துத் தைத்தேன், தொப்பி கோணிக்கொண்டது. பஷீரா அதைப் பிரித்து, தானே தைத்தாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

29 நவம்பர்
நோன்பு மாதம். பஷீரா தைக்கிறாள், நான் தொப்பிக்குள் வைக்கும் அட்டைக்குப் பசை தடவுகிறேன்.

பள்ளிவாசலில் மஃரிபு, அந்தித் தொழுகை. கடைசி இருப்பில் மற்ற விரல்களை மடக்கினேன். கலிமா சொல்லி அந்த விரலை நீட்ட வேண்டிய நேரம் – அது ஏற்கெனவே நீண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவருக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை மாதத்தில் இதுதான் முதல் தடவை.

தொழுகைக்குப் பிறகு சஹன் வைத்தார்கள். கரண்டி கேட்டேன். கொடுத்தார்கள்.