உன் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றிய வேன் ஒயில்

உன் மோட்டார் சைக்கிளுக்கு வேன் ஒயிலை ஊற்றிக் கெடுத்துவிட்டார்கள். ஊற்றியவன் உன் மனைவியின் தம்பி. திறந்து பார்க்காமலே எஞ்சின் முடிந்தது என்றவன் கராஜ்காரன். அதை நம்பி விற்கச் சம்மதித்தவள் உன் மனைவி. வாங்குகிறவன் வெள்ளிக்கிழமை வருகிறான்.

நேற்றுக் காலை சித்தாண்டிச் சந்தியில் கிளச் கருகும் மணம் எழுந்தது. திரும்பினால் உன் சைக்கிளில் உன் மகள். எஞ்சின் அலறுகிறது, சைக்கிள் நகரவில்லை. கியரை மிதித்தால் கல்லில் இடிப்பது போலச் சத்தம்.

“மாமா, எட்டு மணிக்குப் பாசிக்குடாவில நிக்கவேணும். இந்தக் கிழமை ரெண்டு தரம் பிந்திட்டன். இன்னொருக்கா பிந்தினா வேற ஆளைப் போடுவாங்களாம்.”

ஹோட்டல் சமையலறை வேலை அவளுக்கு நீ கண்ணை மூடிய பிறகு கிடைத்தது. இப்போது வீடு ஓடுவது அதில்தான். அந்த நேரத்துக்குக் கொண்டுபோய் விடும் பஸ் இல்லை. என் மோட்டார் சைக்கிளைக் கொடுத்து அனுப்பிவிட்டு, உன்னுடையதைத் தள்ளிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் மைத்துனன் வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

“என்ன ஒயில் ஊத்தின நீ?”

“திறம் ஒயில் அண்ணன். ஹோட்டல் வேனுக்கு ஊத்தி மிஞ்சினது. இந்த ஊரில ஒருத்தனும் கண்டிருக்கமாட்டான்.”

“வேனுக்குக் கிளச் வெளியில கிடக்கு. இதுக்கு எஞ்சின் ஒயிலுக்குள்ளயே ஊறிக் கிடக்கு. வழுக்குற மருந்து கலந்த ஒயிலை ஊத்தினா கிளச் தட்டு எப்படிகா பிடிக்கும்?”

“எல்லாம் எஞ்சின்தானே. நீங்க கதைக்கிறதைப் பாத்தா நான் நஞ்சு வச்ச மாதிரி இரிக்கி.”

நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்திருக்கிறான். அதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் நன்றாக ஏசிவிட்டாவது வந்திருப்பேன்.

ஒயில் விசயத்தில் நீயும் நானும் நான்கு மாதம் பேசாமல் இருந்தது நினைவிருக்கிறதா? இந்த வெயிலுக்குத் தடித்த ஒயில்தான் சரி என்று நான் நின்றேன். வடித்த ஒயிலை விரலில் தேய்த்து மணந்துபார்த்துவிட்டு நீ சொன்னாய்: “சைக்கிளைச் செய்தவன் புத்தகத்தில எழுதி வச்சிரிக்கான். அவனை விடப் பெரிய ஆளாகா நீ?” ஒருவரிடமும் படிக்காமல், கழற்றிக் கழற்றியே எஞ்சின் பழகியவன் நான். அந்தப் பேச்சை என்னால் விழுங்க முடியவில்லை.

அந்த மாரியில் விடியப்புறம் வயல் வட்டைக்குப் போகும்போது என் சைக்கிளில் இரண்டாம் கியர் இறுகியே விழுந்தது. உனக்குத் தெரியாமல் புத்தகத்தில் உள்ள ஒயிலுக்கு மாற்றினேன். கியர் வெண்ணெய் போல விழுந்தது. மறுகா நாம் பேசத் தொடங்கியபோதும் அதைச் சொல்லவில்லை. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொல்லலாம் என்று இரண்டு தரம் வந்தேன். மழையைப் பற்றிக் கதைத்துவிட்டுத் திரும்பினேன். இப்போது எழுதுகிறேன்: நீ சொன்னதுதான் சரி. அந்த ஒரு விசயத்தில் மட்டும்.

இனிச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். உன் மைத்துனன் எஞ்சினைச் சூடாக்கி, அந்த ஒயிலை ஒரு சொட்டு மிஞ்சாமல் வடிக்க வேண்டும். கராஜ்காரன் கிளச் மூடியைத் திறந்து, கருகிய தட்டுகளை மாற்ற வேண்டும். வழுக்குகிறது என்று கிளச் கம்பியை முறுக்கி இறுக்கி வைத்திருக்கிறானே, அதையும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். உன் மனைவி வெள்ளிக்கிழமை வருகிறவனை வாசல் படலையிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். உன் மகள், மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்த, எம்.ஏ. என்ற எழுத்துப் போட்ட ஒயிலைப் புத்தகத்தில் உள்ள இலக்கத்தைப் பார்த்து வாங்கி, தன் கையாலேயே ஊற்ற வேண்டும். அவள் ஊற்றும்போது நான் பக்கத்தில் நின்று வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும்.