ஏழுமலைக்குப் பால் ஆகாது

வைகாசி 11, செவ்வாய்

காலையிலேயே அனல். கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. அவித்த நெல் காயப்போட்டாச்சு.

ஊத்துக்கோட்டையிலிருந்து நாத்தனார் கன்னியம்மா வந்துவிட்டாள். இவருக்கு அக்கா. வரும் திங்கட்கிழமை என் பிள்ளை ஏழுமலைக்கு முப்பதாம் நாள் படையல். என்னென்ன வைக்கவேண்டும் என்று அவளே சொன்னாள். வடை, கருவாட்டுக் குழம்பு, முட்டை, பால் பாயசம்.

பாயசம் வேண்டாம் அண்ணி என்றேன். அவனுக்குப் பால் ஆகாது. கைக்குழந்தையிலிருந்தே மாட்டுப்பால் உள்ளே போனால் வாந்தி, வயிற்றுப்போக்கு. அவளுக்கும் தெரியும்.

"செத்தவனுக்கு இன்னாமே வாந்தி?" என்றாள். எழுந்து போனவள் வாசப்படியில் நின்று திரும்பினாள். "பெத்தவ கையால ஒரு சங்கு ஊத்தியிருந்தா புள்ள அவ்ளோ நேரம் இழுத்துக்கினு கெடந்திருக்க மாட்டான்."

ஊரே பின்னால் பேசுகிறது. இவள் முகத்துக்கு நேரே.

மெட்ராஸிலிருந்து டைபாய்டு ஜுரத்தோடு வந்து படுத்தான். டாக்டர் கைவிட்ட பிறகு உறவுக்காரர்கள் வரிசையாக வந்து வாயில் பால் ஊற்றினார்கள். உயிர் நல்லபடியாக அடங்க அதுதான் வழக்கம். ஒவ்வொரு சங்குக்கும் குமட்டினான். கண் திறக்க முடியாதவன், தலையை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பினான். என் முறை வந்தபோது சங்கைக் கீழே வைத்துவிட்டேன். தண்ணீர் தொட்டு உதட்டை நனைத்தேன். விடியும்போது போனான்.

அதற்குத்தான் இந்தப் பேச்சு.

வைகாசி 12, புதன்

காற்றே இல்லை. எருமைக்குத் தவிடு தீர்ந்தது. வாங்கவேண்டும்.

ஒன்று முடிவு செய்தேன். இலையில் காப்பி ஐஸ்கிரீம் வைப்பேன்.

மெட்ராஸில் அவனுக்கு ஓட்டலில் அந்த வேலைதான். மர வாளிக்குள் தகர டப்பா, சுற்றிலும் ஐஸ், மேலே கைப்பிடி. காலையிலிருந்து அதைச் சுற்றுவான். ஊருக்கெல்லாம் பாலில் செய்வது அவன் வாயில் வைக்க ஆகாது. அதனால் தனக்கென்று தேங்காய்ப்பாலில் காப்பி டிகாஷன் கலந்து, சின்ன டப்பாவில் சுற்றிக்கொள்வானாம். "கசப்பா, இனிப்பா, நாக்குல வச்சா சில்லுனு ஓடும்மா. ஊட்ல ஒரு நாள் செஞ்சி தரேன் இரு."

பொங்கலுக்குக் காப்பித்தூள் வாங்கி வந்தான். ஐஸ் கிடைக்கவில்லை. செய்யாமலே போனான். அந்தப் பொட்டலம் பித்தளை டப்பாவில் இருக்கிறது. வாசனை பாதி போய்விட்டது. இரண்டு தடவைக்கு வரும்.

இவரிடம் சொல்லவில்லை. சொந்த நிலம் இருக்கிற வீட்டுப் பிள்ளை ஓட்டலில் வாளி சுற்றுவதா என்று இவர் அவனோடு பேசாமலே இருந்தவர். இப்போது யாரோடும் பேசுவதில்லை.

வைகாசி 13, வியாழன்

முதல் பஸ்ஸில் பழவேற்காடு. அங்கே ஏரி இறால் ஏற்றுகிற காதர் பாய்க்கு மெட்ராஸிலிருந்து லாரியில் ஐஸ் வரும்.

"இன்னா தங்கச்சி, ஐஸு இன்னாத்துக்கு? மீன் யாவாரத்துல எனக்குப் போட்டியா வரியா?" என்று சிரித்தார்.

"செத்துப்போன புள்ளைக்குப் படையல் பாய். அவனுக்கு ஐஸ்கிரீம்னா உசுரு. ஊட்லயே செய்யணும்."

சிரிப்பு நின்றுவிட்டது. கோணியில் மரத்தூள் கொட்டி, நடுவில் ஐஸ்பாறையை வைத்து அவரே கட்டினார். "வெயில் ஏறாங்காட்டியும் போய்ச் சேரு. வழில யாராண்டயும் நின்னு பேசிக்கினு இருக்காத."

பஸ்ஸில் கண்டக்டர்: "யாரு மூட்டை இது? ஜனங்க காலெல்லாம் ஈரம். இன்னாம்மா, ஏரியையே கட்டி எடுத்துக்கினு வந்தியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். முடியவில்லை.

வீடு வருவதற்குள் பாறை பாதியாகிவிட்டது. இரண்டு தேங்காய், முதல் பால் மட்டும். டிகாஷன், சர்க்கரை. தூக்குச்சட்டியில் ஊற்றி மூடி, மர வாளியில் ஐஸ் உடைத்துப் போட்டு நடுவில் வைத்துச் சுற்றினேன். சுற்றினேன். சுற்றினேன். தோள் விட்டுப்போயிற்று. திறந்தால் தண்ணீராகவே இருக்கிறது. சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். கடைசியில் ஐஸும் கரைந்தது.

கன்னியம்மா சமையற்கட்டில் எட்டிப் பார்த்தாள். "மீன் நாத்தம் கொடலைப் புடுங்குது. துக்க ஊட்ல இன்னா வெளயாட்டு இது?"

பாழானதை வாழை அடியில் கொட்டினேன். பொட்டலத்தில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் தூள்.

வைகாசி 15, சனி

நேற்று எழுதவில்லை. படுத்தே கிடந்தேன்.

இன்று மாங்காய் ஊறுகாய். போடாவிட்டால் மாங்காய் அழுகிவிடும். கல்லுப்பை அள்ளும்போது விரலில் இருந்த அரிவாள்மணை வெட்டு சுரீர் என்றது.

சட்டென்று அவன் கை ஞாபகம். பொங்கலுக்கு வந்தபோது இரண்டு கையும் வெடித்து, கட்டைவிரல் பக்கம் ரத்தம் கசிந்தது. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். இதென்னடா கை இப்படி என்றேன். "உப்பும்மா. ஐஸு மேல உப்பு போட்டாத்தான் அதுக்கு வெறி புடிக்கும். உள்ள இருக்கறத இறுக்கிடும். நாள் பூரா உப்புத்தண்ணில கையி."

அவன் சொன்னபோது கையைத்தான் பார்த்தேன். சொன்னது காதில் ஏறவில்லை.

உப்பு. உப்பில்லாமல் சுற்றியிருக்கிறேன்.

ஊறுகாயை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன். அவன் போனதிலிருந்து இன்றுதான்.

வைகாசி 16, ஞாயிறு

மேகம் வந்தது, பெய்யவில்லை. பழவேற்காடு போகிற வண்டிக்காரரிடம் இன்னொரு ஐஸ்பாறை வேண்டுமென்று பாய்க்குச் சொல்லி அனுப்பினேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறாராம். உப்பு அரை மரக்கால் எடுத்துவைத்தேன். தேங்காய் உரித்தாச்சு.

கன்னியம்மா பாயசத்துக்கு ஜவ்வரிசி ஊறவைக்கிறாள்.

வைகாசி 17, திங்கள்

மூட்டை வந்தது. இந்தத் தடவை பெரிய பாறை.

ஒரு வரிசை ஐஸ், ஒரு பிடி உப்பு. ஒரு வரிசை ஐஸ், ஒரு பிடி உப்பு. வாளியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்தது. கை மரத்தது, பிறகு எரிந்தது. நடு நடுவே மூடி திறந்து கரண்டியால் ஓரத்தைச் சுரண்டிவிட்டேன். ஓரம் கெட்டிப்படுகிறது! அதற்குள் கன்னியம்மா இலை போடட்டுமா, நேரமாகுது என்று கத்துகிறாள். என் கை ஓடவில்லை. விரல் தூக்குச்சட்டியைப் பிடிக்கமாட்டேன் என்கிறது.

இவர் வந்து நின்றார். பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்து, "நவுரு" என்றார்.

சுற்ற ஆரம்பித்தார். ஏர் பிடித்த கை. அதற்கே மூச்சு வாங்கிற்று. உப்புத்தண்ணீரிலிருந்து கையை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

"இதையா சுத்திக்கினு இருந்தான்?"

"ஆமா."

"தெனமுமா?"

"தெனமும்."

கெட்டியாகி, சட்டி அசையாமல் நின்ற பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தார். போதுங்க என்று தோளைத் தொட்டேன்.

இலையில் எல்லாம் வைத்தாச்சு. நடுவில் கன்னியம்மாவின் பாயசக் கிண்ணம். இவர் குனிந்து அந்தக் கிண்ணத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "எடுத்துக்கினு போ அக்கா. அவனுக்கு ஆகாது."

"ஊர் வழக்கம் ஒண்ணு இருக்குதுடா."

"அன்னிக்கு வழக்கம்னு நானும்தான் ஊத்தனேன். தலைய திருப்பிக்கினான். பாத்துக்கினே ஊத்தனேன். போதும்."

அவள் கிண்ணத்தை உள்ளே எடுத்துப் போனாள். நான் தூக்குச்சட்டியிலிருந்து அள்ளி இலை நடுவில் வைத்தேன். ஈரச்செம்மண் நிறம். கற்பூரம் காட்டும்போதே இளகிவிட்டது. வடையைச் சுற்றி ஓடி, இலை நரம்பில் இறங்கி, நுனியில் சொட்டியது. யாரும் துடைக்கவில்லை.

மீதியைப் பங்கு போட்டேன். கன்னியம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "கசக்குது" என்றாள். பிறகு இன்னொரு தடவை தொட்டாள். இவர் பங்கு கிண்ணத்திலேயே கரைந்து நின்றது. கடைசியில் ஒரே மடக்காகக் குடித்துவிட்டு வயலுக்குப் போனார். இருட்டித்தான் திரும்பினார்.

நான் ஒரு வாய். அவன் சொன்ன மாதிரிதான் ஓடிற்று.

வைகாசி 18, செவ்வாய்

தவிடு வாங்கியாச்சு. ஊறுகாய்க்கு எண்ணெய் ஊற்றவேண்டும். கன்னியம்மா மத்தியான பஸ்ஸில் கிளம்புகிறாள்.

கை இரண்டும் வெடித்திருக்கிறது. கட்டைவிரல் பக்கம், அவனுக்கு இருந்த அதே இடம். கிளம்புமுன் கன்னியம்மா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, "நீட்டுமே கைய" என்றாள்.

வேண்டாம் அண்ணி என்றேன். ஆறும்போது ஆறட்டும்.