பேர் மாறாத வண்டி

"வண்டி இருக்கா?" என்று யாரோ ஒருவர் இன்று மதியம் செய்தி அனுப்பியிருந்தார். இணையத்தில் கொடுத்த விளம்பரத்தை நான் இன்னும் நீக்கவில்லை. அவருக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. வாசலில் வண்டி இல்லை. ஆர்.டி.ஓ. பதிவேட்டில் இருக்கிறது, என் பெயரில்.  அவரை விட்டுவிட்டு உனக்கு எழுதத் தொடங்கினேன் தம்பி.

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. காரை வாங்கியது நான், ஓட்டியது நீ. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் "ஏறுக்கா" என்பாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேகம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வருவேன். "ரோட்டப் பாருக்கா. அங்க இன்னா தெரியுது?" என்று சிரிப்பாய். ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொல்லி எத்தனையோ முறை கேட்டாய். நான் கற்றுக்கொள்ளவில்லை. உனக்குப் பிறகு வண்டி வேப்பம்பூவும் தூசியுமாக நின்றது. விற்கத்தான் வேண்டும்.

விளம்பரம் போட்ட அன்றே போன் அடிக்க ஆரம்பித்தது. பெயரைச் சொல்லுமுன் "லாஸ்ட் எவ்ளோ மேடம்?" என்பார்கள். பெயர், ஊர், தொழில் மூன்றும் சொல்லாதவர்களுக்கு நான் முகவரி தரவில்லை. ஒருவர் கடுப்பாகி, "மேடம், நீங்க வண்டி விக்கிறீங்களா, பொண்ணு குடுக்கிறீங்களா?" என்றார். நீ இருந்திருந்தால் அதை ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாய்.

பிறகு பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். பலாப்பழ மண்டியில் வேலை. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வண்டி வேண்டும் என்றார். எல்லோரும் அம்மாவைத்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். டிக்கியைத் திறந்து முழம் போட்டுப் பார்த்தார். "நல்லா ஆழமா கீதுக்கா." பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். கால் பெடலுக்கு எட்டவில்லை.

"யாருக்கா ஓட்டுனது? சீட்டு இவ்ளோ பின்னாடி தள்ளிக் கீது. நல்ல உசரமோ?"

"என் தம்பி."

அவர் கீழே கைவிட்டு இருக்கையை முன்னால் இழுத்தார். தடக் தடக்கென்று மூன்று முறை. அந்தச் சத்தத்துக்குப் பிறகு என்ன நடந்ததென்று எனக்குக் கோவையாக நினைவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு, அவர் நீட்டிய பெயர் மாற்றப் படிவங்களில் கையெழுத்துப் போட்டேன். வாங்குபவர் பெயர் இல்லை, தேதி இல்லை. "ஒரு மாசத்துல பேர் மாத்திக்கிறேன்க்கா" என்றார். ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொண்டேன். இந்தத் தேதியில், இந்த நேரத்தில் வண்டியைப் பெற்றுக்கொண்டேன் என்று அவரிடம் ஒரு வரி எழுதி வாங்கவில்லை.

இந்தப் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். புதுச்சேரி நம்பர் வண்டியைக் கடலூர்க்காரர்கள் வாங்கிப்போய், பெயரை மாற்றாமல் வருஷக்கணக்கில் ஓட்டுவார்கள். நீயும் உன் பைக்கை அப்படித்தான் கேண்டீன் நண்பனுக்குக் கொடுத்தாய். நான் இரண்டு நாள் பேசவில்லை. "ஊர்ல எல்லாருமே உனக்கு நல்லவங்க" என்றேன். "கெட்டவன்னு தெரியும்போது பாத்துக்கலாம்க்கா. அதுவரைக்கும் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிகினு இருக்கணும்?" என்றாய். அந்த பைக்கால் ஒன்றும் நேரவில்லை. நீ சொன்னது சரி என்பதற்கு அது ஆதாரமாகாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மளிகைக்கடை பாயிடம் சொன்னபோது அவர் பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டார். "இன்னா டீச்சர், பேர் மாத்தாமயே குடுத்துட்டீங்களா? செக்போஸ்ட்ல சரக்கோட மாட்டிச்சின்னா போலீஸ் உங்க வூட்டுக்குத்தான் வரும்."

அன்றிலிருந்து டிக்கியின் ஆழம் என்னை விடவில்லை. எத்தனை பெட்டி பிராந்தி பிடிக்கும்? பாட்டில்களோடு கார் பிடிபட்டது என்று பேப்பரில் படம் வந்தால் நம்பரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். வாசலில் பைக் நின்றால் போலீஸோ என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறேன். வகுப்பில் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறேன். சொன்ன ஒரு மாதம் முடிந்து பத்து நாள் ஆயிற்று. ஒருமுறை அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைக்கத் தைரியம் வரவில்லை. அவர் கெட்டவர் என்று உறுதியாகிவிடுமோ என்ற பயம்.

உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது உன் நம்பிக்கை அல்ல. அது எனக்கு வராது. போய்ப் பார்க்காமல் உட்கார்ந்து பயப்படுகிறோமே என்கிற ஒரு சின்ன வெட்கம் மட்டும் வந்திருக்கிறது. நாளை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன்.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். கிருமாம்பாக்கத்தில் கடலூர் பஸ் ஏறி, அங்கிருந்து பண்ருட்டி போய், ஆதார் நகலைக் காட்டி விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வண்டி தார்ப்பாய் போர்த்தி நின்றது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"வண்டியத் திருப்பிக் கேக்க வந்தீங்களாக்கா? அதுக்குத்தான் அன்னிக்கு போன எடுக்கல."

பேர் மாற்ற இரண்டு முறை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனாராம். விற்றவர் நேரில் வரவேண்டும் என்றார்களாம். "டீச்சராச்சே, எப்படிக் கூப்புடறது? வேற ஆள் பேர்ல இருக்கற வண்டி, வழியில புடிச்சா திருட்டு வண்டின்னு சொல்லிடுவான். அதான் மூடி வச்சிட்டேன்." டிக்கியில் மடக்கிய சக்கர நாற்காலி இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து ஓர் அம்மா, "யாருடா அது, தண்ணி குடுடா" என்று குரல் கொடுத்தார்.

வண்டியைப் பெற்றுக்கொண்ட தேதியும் நேரமும் போட்டு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். வியாழக்கிழமை இருவரும் அலுவலகத்தில் சந்திப்பதாகப் பேசிக்கொண்டோம். பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விடுகிறேன் என்று தார்ப்பாயை விலக்கினார். பேட்டரி இறங்கிப்போயிருந்தது. அவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பின்னாலிருந்து தள்ளினோம். தெருமுனை வரை தள்ளியிருப்போம். இன்ஜின் உறுமிப் பிடித்துக்கொண்டது. நான் கையை எடுத்தேன்.