தாய்மாமன் சீராக வந்த இரண்டாம் தேர்

நலம் சூழ்க. மலையில் மாரி பொய்யாமலும், மந்தையில் பரி மெலியாமலும், வாயிலுக்கு வந்தவர் வெறுங்கையோடு மீளாமலும் விளங்கும் விரிமலை நாட்டின் வேந்தர், ஆயிரம் பரிமா உடையார், நெடுவரைக் கணவாயின் காவலர், எம் உடன்பிறந்த தமையனார் வயமான் ஏறனார் திருமுன்பு, தண்கழி நாட்டைத் தம் இரு மைந்தர் பொருட்டு ஆளும் வெண்ணிநங்கை கழிமுகப்பட்டினத்து அரண்மனையிலிருந்து வணங்கி எழுதுவிக்கும் ஓலை.

இரு மைந்தர் என்று எழுத்தர் பழைய வழக்கப்படி கீறிவிட்டார். ஓலையில் கீறியதை அழிக்க வழியில்லை. அப்படியே இருக்கட்டும், படிக்கும்போது தாங்களே ஒன்றைக் கழித்துக்கொள்க.

தாங்கள் விடுத்த ஓலையும், அதனோடு விடுத்த தேரும் குறைவின்றி வந்து சேர்ந்தன. தேருக்கு ஆறு குதிரைகள். மூத்தவன் ஆதிரையனுக்கு வந்த தேருக்கு நான்குதான். தங்கள் ஓலையில், முதல் நான்கு வரிகள் ஆதிரையனுக்காக இரங்கின. அடுத்த வரிகள், முதற் சீரால் நேர்ந்த தீக்குறி அதனினும் பெரிய சீரால் நீங்கும் என்றும், இளையவன் கடலன், வயது நிறையாவிடினும், வரும் முழுமதி நாளில் இத்தேரின் கடிவாள வாரை வாங்க வேண்டும் என்றும், மறுத்தால் பிறந்தகத்து உறவு அற்றதாகக் கொண்டு கணவாயில் எம் பொருட்டு நிற்கும் படையை மீட்டுக்கொள்வதாகவும் கூறின. கடைசி வரி, பிள்ளைக்குத் தேர் பழக்காத குற்றத்துக்காக எம் அரண்மனைத் தேர்ப்பாகன் பூதனின் தலையைக் கேட்டது. எல்லாவற்றையும் படித்தோம். படித்து முடித்ததும் உண்ணச் சொன்னார்கள், உண்டோம்.

இவ்விடத்தில் யாம் என்று எழுதுவதை நிறுத்துகிறேன். அரியணைக்கு அந்தச் சொல் பொருந்தும். இனி வருவது தங்கை தமையனுக்குச் சொல்வது.

வார் வாங்கும் வழக்கம் நம் இரு நாட்டுக்கும் பொது. பதினாறு நிறைந்த பிள்ளைக்குத் தாய்மாமன் தேரும் குதிரையும் கொடுத்து, வாரைக் கையில் வைப்பான். பிள்ளை கோட்டை வாயிலிலிருந்து கடற்கொற்றவை கோயில் வரை தனியே ஓட்டிச் செல்வான். மாமன் கொடுத்த வாரில் வேறு கை படக் கூடாது, பட்டால் மாமனை இழிவு செய்ததாகும். இதெல்லாம் தாங்கள் அறிந்ததே. ஆயினும் அந்தக் காலத்தில் மாமன்மார் கொடுத்தது என்ன? பல் தேய்ந்த பெட்டைக் குதிரை ஒன்று. அது பாதி வழியில் நின்று வேலியோரத்துப் புல்லை மேயும், பிள்ளை இறங்கிக் கெஞ்சுவான், தெருவே சிரிக்கும். நம் தந்தையார் ஆட்சியில் ஒன்று இரண்டாயிற்று. பிறகு ஒரு மாமன் இரண்டு கொடுத்தால் அடுத்த மாமன் மூன்று கொடுத்தான். பெட்டை போய்ப் போர்க் குதிரை வந்தது. குதிரையை மாற்றினோம், பிள்ளையின் வயதை மாற்றவில்லை, தனியே ஓட்ட வேண்டும் என்பதையும் மாற்றவில்லை. யார் வீட்டுச் சீர் பெரிது என்ற பேச்சில் அதைக் கேட்பாரும் இல்லை.

ஆதிரையன் வார் வாங்கிய அன்று பூதன் அவையில் வந்து நின்றான். நால்வர் ஆள வேண்டிய குதிரைகள் இவை, பிள்ளையின் பின்னே நிற்க மட்டும் விடுங்கள், வாரைத் தொடமாட்டேன் என்று மூன்று முறை வேண்டினான். அவைப் பெரியோர், அது விரிமலை வேந்தரை ஐயுறுவது போலாகும் என்றனர். ஆதிரையனும் முகம் சிவந்து, தான் என்ன தொட்டில் பிள்ளையா என்றான். பூதன் விலகினான். ஆரத்தித் தட்டு என் கையில் இருந்தது; நானும் பூதன் பக்கம் நிற்கவில்லை. ஆகவே தமையனாரே, பூதன் தலை அவன் தோளிலேயே இருக்கும். இதில் மறுபேச்சு இல்லை.

நடந்ததைத் தங்கள் தூதர் எப்படிச் சொன்னாரோ அறியேன். இங்கே நடந்தது இது. தேர் வாயிலைக் கடந்தபோது மெல்லத்தான் சென்றது. பெருந்தெருவில் கூட்டம் ஆர்த்தது, பூ வீசியது. குதிரைகள் செவியைப் பின்னே சாய்த்தன. தேர் விரைந்தது. விரைய விரையக் கூட்டம் இன்னும் ஆர்த்தது. இளவரசன் என்ன வேகம் காட்டுகிறான் பார் என்று. மாடத்தில் நின்ற நானும் அப்படியே எண்ணினேன். உப்பங்கழிப் பாலத்துக்குத் திரும்பும் முடக்கில் தேர் திரும்பவில்லை. அவ்வளவுதான். உப்புப் பொதி இறக்கிக்கொண்டிருந்தவர்கள்தாம் அவனைத் தூக்கி வந்தார்கள். உப்புச் சாக்கின் மேல் கிடத்தியிருந்தார்கள்.

ஊரில் பேச்சு எழுந்தது. செருக்கில் சாட்டையை வீசினான், பெரிய வீட்டுப் பிள்ளை, கேட்பாரில்லை, அதனால் போனான் என்றார்கள். அந்தப் பேச்சை நான் தடுக்கவில்லை. ஆனால் அவனை நீராட்டியவள் நான். உள்ளங்கைகளைத் திறந்து பார்த்தேன். இரண்டையும் வார் அறுத்துத் தசை தெரிந்தது. விரல்களை நீட்ட முடியவில்லை, அப்படி மடங்கியிருந்தன. சாட்டை பிடித்த கை அப்படி இராது. வாயிலிலிருந்து பாலம் வரை என் பிள்ளை தேரை நிறுத்தத்தான் இழுத்திருக்கிறான். அவ்வளவு இழுத்தும் அவை ஏன் நிற்கவில்லை என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. கொள்ளி வைத்த பிறகும் விளங்கவில்லை. அழுகை வரவில்லை, தமையனாரே. இன்றுவரை வரவில்லை. செவிலியர் அஞ்சுகிறார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. வழக்கு கேட்கிறேன், தீர்ப்புச் சொல்கிறேன், இரவில் உறங்கவும் செய்கிறேன்.

விளங்கியது, இரண்டாம் தேர் வந்த அன்று. அதை ஓட்டி வந்த தங்கள் பாகன் காடனுக்கு முறைப்படி வெற்றிலை கொடுத்து, வழிப்பயணம் கேட்டேன். கடலன் அருகே நின்று ஒரு குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தான். இவை வாரை இழுத்தால் நிற்குமா என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். காடன் சிரித்தான். கள்ளமில்லாத ஆள், அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவன் சொன்னதை அவன் வாயால் சொன்னபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

"வண்டிக் குதிரைதான் தாயே இழுத்தா நிக்கும். இதுங்கள இழுத்தா, போருக்குத்தான் கூப்பிடுறாங்கன்னு பாயும். விட்டுக் குடுத்தாத்தான் அடங்கும். அது கை பழகணும். எங்க ஊர்ல ரெண்டு வருஷம் லாயத்துல லத்தி அள்ளாம எந்தப் பயலையும் இந்த வாரைத் தொட விடமாட்டோம். எங்க இளவரசரே இப்பத்தான் லத்தி அள்ளி முடிச்சாரு."

உங்கள் இளவரசர் என்றால் யார் என்று கேட்டேன். வயவன் என்றான். என் மருமகன் வயவனுக்கு வயது பத்தொன்பது.

காடனுக்கு இன்னும் ஒரு வெற்றிலை கொடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். தாங்கள் அறிந்திருந்தீர்கள். தங்கள் பிள்ளையை இந்தக் குதிரையின் வாரைத் தொட விடாமல் பத்தொன்பது வயது வரை லாயத்தில் நிறுத்தினீர்கள். நல்லது, தந்தை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். என் பிள்ளைக்குத் தேரை அனுப்பினீர்கள். இழுத்தால் பாயும் என்ற ஒரு சொல்லை அனுப்பவில்லை. அதை மறைத்ததாகவும் நான் எண்ணவில்லை. அது தங்களுக்குத் தோன்றவே இல்லை. சீர் வரிசையைத் தெரு பார்க்க வேண்டும் என்பது தோன்றியது, நான்கு குதிரையும் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்பது தோன்றியது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஆதிரையன் ஊரான் பிள்ளையும் அல்லனே, அண்ணா.

முதலில் எனக்குத் தோன்றியதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு குதிரைத் தேரை வயவன் தனியே வந்து ஓட்டிக் காட்டட்டும், பூதன் நின்ற இடத்தில் தாங்கள் நின்று பாருங்கள் என்று எழுத நினைத்தேன். எழுத்தரும் எழுத்தாணியை எடுத்துவிட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவனும் மீசை அரும்பிய பிள்ளை. சிறு வயதில் என் மடியில் உறங்கியவன். பட்டது ஒரு வீடாகவே இருக்கட்டும்.

கடலனைப் பற்றி. அண்ணன் போன அந்தத் தெருவில்தான் தானும் ஓட்டுவேன் என்கிறான். அண்ணனுக்கு முடியாததைத் தான் முடித்தால் ஊர் வாய் அடங்கும் என்று நினைக்கிறான். பொழுது விடிந்தால் லாயத்தில் நிற்கிறான்; ஆறு குதிரைக்கும் பெயர் வைத்துவிட்டான். நான் மறுத்ததிலிருந்து என்னோடு பேசுவதில்லை. உணவுத் தட்டைத் தள்ளி வைக்கிறான், கதவை அறைந்து சாத்துகிறான். செய்யட்டும். சினம் கொள்ள அவன் உயிரோடு இருக்கிறான். இந்த நாட்டில் இப்போது எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் தேரே ஏறாதே என்று அரசகுமாரனைக் காலமெல்லாம் கட்டி வைக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். நான் தடுத்தால் நான் உறங்கும்போது ஏறுவான்.

ஆதலால் கேளுங்கள். பிறந்தகத்துச் சீரை நான் மறுக்கவில்லை. மாற்றிக் கேட்கிறேன். எனக்குத் தேர் வேண்டாம். வயவனுக்குக் கொடுத்த அந்த இரண்டு ஆண்டைக் கடலனுக்குச் சீராகக் கொடுங்கள். கணவாய்ப் படையை மீட்பதானால் மீட்டுக்கொள்ளுங்கள். கழியும் கடலும் எங்களை இதுவரை காத்தன.

இனி ஆணை. ஆறு குதிரைகளும் தேரிலிருந்து அவிழ்க்கப்பட்டு, காடனும் பூதனும் கயிறு பிடிக்க, நடையாகவே விரிமலைக்கு மீளும்; பூதன் தலையோடு இங்கே திரும்ப வேண்டும். தேரின் சக்கரங்கள் கழற்றப்பட்டு எருது வண்டியில் ஏறிப் பின்னே வரும். கடலன் குதிரைகளோடு நடந்து வருவான். எந்த ஊர் எல்லையிலும் அவனை ஒருவரும் குதிரை ஏற்ற வேண்டாம், பல்லக்கும் வேண்டாம். தண்கழி நாட்டில் இன்று முதல் வார் வாங்கும் பிள்ளையின் பின்னே பழகிய பாகன் நிற்பான். அதை இழிவாகக் கொள்ளும் மாமன் தன் சீரைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். இது கோட்டை வாயில்களிலும் உப்பங்கழிப் பாலத்திலும் பறையறைந்து சொல்லப்பட்டது. கழியில் நீர் ஏறி இறங்கும் காலம் வரை இது நிற்க.

தங்களுக்குத் தனியே ஒரு சொல். இதற்கு மட்டும் ஆணியை நானே வாங்கிக்கொண்டேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருள்க. கடலனை அரண்மனையில் தங்க வைக்காதீர்கள். வயவன் படுத்த லாயத்தில் படுக்கட்டும், வயவன் அள்ளிய லத்தியை அள்ளட்டும். தங்கை வீட்டுப் பிள்ளை என்று இரங்கி நாளைக் குறைக்காதீர்கள். கெஞ்சுவான், நன்றாகக் கெஞ்சுவான், அவன் அண்ணனைப் போலவே. வயவன் கையில் எத்தனை நாள் கழித்து வாரை வைத்தீர்களோ, அதே அளவு நாள் சென்ற பின் இவன் கையிலும் வையுங்கள். ஒரு நாள் முன்னதாக வைத்தீர்கள் என்று கேள்வியுற்றால், எனக்குத் தமையன் இருந்தார் என்பதை அன்றோடு மறப்பேன்.

வெண்ணிநங்கை கைச்சாத்து. சங்கு இலச்சினை இட்டு, நூல் கட்டி, காடன் வசம் கொடுப்பது. பிள்ளை வாயிலைக் கடந்துவிட்டான், திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள், அண்ணா.